'எந்த மெஷினும் வேண்டாம்' என்று எழுதி வைத்தால் போதுமா?

கேள்வி: எனக்கு 68 வயது. அரசுப் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள், கும்பகோணத்தில் தனியாக இருக்கிறேன். சர்க்கரை, பிரஷர் உண்டு. ஒரு ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள், மற்றபடி நடமாட்டத்துக்குக் குறைவில்லை. போன வருஷம் என் கணவருக்கு மூளையில் ரத்தக்கசிவு. மூன்று வாரம் ஐசியூவில் கையைக் கட்டிப்போட்டு வென்டிலேட்டரில் வைத்திருந்தார்கள். கடைசியில் "இனி ஒன்றும் செய்வதற்கில்லை, கையெழுத்துப் போட்டுவிட்டுக் கூட்டிப் போங்கள்" என்றார்கள். வீட்டுக்கு வரும் வழியில் ஆம்புலன்ஸிலேயே போய்விட்டார். எனக்கு அப்படி ஒரு சாவு வேண்டாம். "எனக்கு எந்த மெஷினும் வைக்கக் கூடாது" என்று எழுதி வைக்கப் போகிறேன். மகள் கோவையில் இருக்கிறாள், சரி என்கிறாள். சிங்கப்பூரில் இருக்கும் மகன், "உங்களைச் சாகடிக்க என்னைக் கையெழுத்துப் போடச் சொல்றீங்களா?" என்று கேட்டுப் போனை வைத்துவிட்டான். நான் எழுதுவது சட்டப்படி செல்லுமா? ஆஸ்பத்திரியில் மதிப்பார்களா? இது தற்கொலைக்குச் சமம் என்கிறாள் என் தங்கை. அது உண்மையா? பெயர் வெளியிட வேண்டாம்.

பதில்:

அன்புள்ள டீச்சர்,

சட்டப்படி செல்லும். ஆனால் நீங்கள் எழுத நினைத்திருக்கும் அந்த ஒற்றை வாக்கியத்தை அப்படியே எழுதாதீர்கள். அது உங்களுக்கே வினையாக முடியலாம். அதை முதலில் பேசிவிடுவோம், நோட்டரி, சாட்சி சமாச்சாரமெல்லாம் அப்புறம்.

நாளைக்கே உங்களுக்கு நிமோனியா வந்து மூச்சுவிட முடியாமல் ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள் என்று வையுங்கள். நாலைந்து நாள் வென்டிலேட்டர், கூடவே ஆன்டிபயாட்டிக். மருந்து கேட்டால் குழாயை எடுத்துவிடுவார்கள், அடுத்த வாரம் வீட்டில் உட்கார்ந்து ரசம் சாதம் சாப்பிடுவீர்கள். அப்படிப் பிழைக்க வேண்டிய நேரத்தில் உங்கள் மகள் "எந்த மெஷினும் கூடாது" என்ற தாளை எடுத்து நீட்டினால் என்ன ஆகும்? சட்டப்படி அந்த நிலையில் அந்தத் தாளுக்கு வேலையே கிடையாது. ஆனால் ராத்திரி ரெண்டு மணிக்கு, அவசரப்பிரிவு வாசலில், யார் சட்டத்தைப் பிரித்துப் பார்க்கப் போகிறார்கள்?

உங்கள் கணவரை வதைத்தது மெஷின் அல்ல. குணமாகும் வழி அடைபட்ட பிறகும் அது ஓடிக்கொண்டிருந்ததுதான் கொடுமை. எனவே எந்தக் கருவி வேண்டாம் என்பதிலிருந்து தொடங்காமல், எந்த நிலை வந்தால் போதும் என்பதிலிருந்து தொடங்குங்கள். சட்டமும் இதைத்தான் எதிர்பார்க்கிறது. உங்களுக்குத் தீராத நோய்நிலை வந்து, மீள வாய்ப்பில்லை என்று மருத்துவர்கள் முடிவு செய்து, உங்களால் சுயமாக முடிவெடுக்கவும் முடியாமல் போனால்தான் அந்த ஆவணம் உயிர் பெறும். நீங்கள் தெளிவாகப் பேசும் வரை, எந்தத் தாளையும் யாரும் எடுக்கத் தேவையில்லை. உங்கள் வாய்ச்சொல்தான் முடிவு.

நான் வலிதணிப்புச் சிகிச்சையில் இருப்பவள். என்னிடம் வருகிறவர்களுக்கு எழுதச் சொல்லும் வாசகம் ஏறத்தாழ இப்படி இருக்கும்:

"இனி குணமாக வழியில்லை என்று மருத்துவர்கள் முடிவுக்கு வந்த நிலையில், என் பிள்ளைகளை அடையாளம் தெரிந்துகொள்ளவோ என் விருப்பத்தைச் சொல்லவோ எனக்கு முடியாமல் போய், அந்த நினைவு திரும்பும் என்ற நம்பிக்கையும் இல்லாவிட்டால், சாவைத் தள்ளிப்போட மட்டுமே உதவும் சிகிச்சைகளைத் தொடங்க வேண்டாம். தொடங்கியிருந்தால் நிறுத்திவிடுங்கள். வென்டிலேட்டர், டயாலிசிஸ், நின்ற இதயத்தை நெஞ்சை அழுத்தி மீட்கும் முயற்சி, குழாய் வழி உணவு ஆகியவை இதில் அடங்கும். வலி, மூச்சுத்திணறல், பதற்றம் இவற்றுக்கான மருந்துகளை எக்காரணம் கொண்டும் நிறுத்த வேண்டாம். குணமாவேனா மாட்டேனா என்று தெரியாத நிலையில், முதலில் முழுச் சிகிச்சையும் கொடுத்துப் பாருங்கள். பலன் இல்லை என்று தெளிவானால் மேலே சொன்னபடி செய்யுங்கள்."

கடைசி இரண்டு வரிகளை விட்டுவிடாதீர்கள். நிமோனியா வந்தால் உங்களைக் காப்பாற்றப்போவது அவைதான். எத்தனை நாள் என்று எண்ணிக்கை போட வேண்டாம். நிமோனியாவில் சில நாட்களில் தெரிந்துவிடும், மூளை பாதிப்பில் படம் தெளிவாக அதைவிட நாள் பிடிக்கும். அதேபோல், "என்னை ரொம்பக் கஷ்டப்படுத்தாதீங்க" என்கிற மாதிரி மொட்டையாகவும் எழுதாதீர்கள். வாசகம் தெளிவில்லாமல் இருந்தால் மருத்துவக் குழு அதைச் செயல்படுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது.

உறுப்பு தானத்துக்குப் பதிவு செய்திருக்கிறீர்களா? அப்படியென்றால் இன்னொரு வரி தேவை. மூளைச்சாவு சட்டப்படி மரணம்தான் என்றாலும், உறுப்புகளை எடுக்கும் வரை உடல் வென்டிலேட்டரில் இருந்தாக வேண்டும். "உறுப்பு தானத்துக்காக மட்டும் வென்டிலேட்டரில் வைத்திருக்கச் சம்மதம்" என்று சேர்க்காவிட்டால், உங்கள் ஒரு விருப்பம் இன்னொரு விருப்பத்தைத் தட்டிவிடும்.

குழாய் வழி உணவு என்று எழுதியிருப்பது உங்கள் வீட்டில் பெரிய பேச்சைக் கிளப்பும். "அம்மாவைப் பட்டினி போடச் சொல்றீங்களா?" என்ற கேள்வியை நான் கேட்காத வாரம் கிடையாது. உயிர் பிரியப்போகும் உடலுக்குப் பசியும் தாகமும் தாமாகவே அடங்கிவிடும். மூக்கில் குழாய் செருகிக் கஞ்சியை ஏற்றினால் அது செரிக்காமல் எதுக்களித்து நுரையீரலுக்குள் போகலாம், கை கால் வீங்கலாம். மறதிநோய் முற்றியவர்களுக்குக் குழாய் வழி உணவு கொடுத்தாலும் ஆயுள் கூடுவதில்லை. ஸ்பூனால் ரெண்டு வாய் பால், உதட்டை நனைக்கும் ஈரத்துணி, இதையெல்லாம் யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. கையால் ஊட்டுவது சிகிச்சைக் கணக்கில் வராது.

உங்கள் கணவர் விஷயத்துக்கு வருகிறேன். "கையெழுத்துப் போட்டுக் கூட்டிப் போங்க" என்பது நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் எழுதப்படாத நடைமுறை. வாயால் போகச் சொல்வது மருத்துவர். ஆனால் நீட்டப்படும் தாளில் "மருத்துவ ஆலோசனையை மீறி, என் சொந்தப் பொறுப்பில் அழைத்துச் செல்கிறேன்" என்று இருக்கும். பணம் தீர்ந்தவர்களும், மனம் தளர்ந்தவர்களும், நிலைமை புரிந்தவர்களும் எல்லாருமே அதே தாளில்தான் கையெழுத்துப் போடுகிறார்கள். பிறகு ஆம்புலன்ஸில் ஒருவர், கையால் மூச்சு ஊட்டும் ஆம்பு பையை அழுத்திக்கொண்டே வருவார். வீட்டு வாசலில் குழாயை உருவிவிட்டுப் போய்விடுவார். வலிக்கு மருந்து இல்லை, மூச்சுத்திணறலுக்கு மருந்து இல்லை. இது கண்ணியமான மரணம் இல்லை, சிகிச்சையும் இல்லை. இதை நல்ல வார்த்தையில் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

ஆவணம் எதுவும் எழுதாத நோயாளிக்கும் முறையாகச் சிகிச்சையை விலக்கிக்கொள்ள வழி இருக்கிறது. ரெண்டு மருத்துவக் குழு பார்க்க வேண்டும், குடும்பம் சம்மதிக்க வேண்டும். அது நடந்தால், குழாயை எடுப்பதற்கு முன்பே வலிக்கும் மூச்சுத்திணறலுக்கும் மார்ஃபினும், பதற்றத்துக்கு மிடசோலமும் கொடுத்து, நோயாளி அமைதியானதும் மானிட்டர் சத்தத்தை அணைத்து, கைக்கட்டை அவிழ்த்து, உங்களை உள்ளே கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைப்பார்கள். தேவாரம் படிக்க வேண்டுமென்றால் படிக்கலாம். அப்படியொரு வழி இருப்பதை உங்களிடம் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டியது நீங்கள் அல்ல.

தங்கையின் கேள்வி. மீள வழியில்லாதபோது சிகிச்சையை மறுப்பது தற்கொலை ஆகாது. உயிரை எடுப்பது நோய்தான், நீங்கள் அதன் வழியை மறிக்காமல் விலகுகிறீர்கள். ஊசி போட்டு உயிரை முடிப்பது நம் நாட்டில் இன்றும் குற்றம், அதை இந்த ஆவணத்தால் கேட்கவும் முடியாது. விருதுநகர்ப் பக்கம் தலைக்கூத்தல் என்று சொல்வார்களே, முதியவரைக் கேட்காமலேயே எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீர் கொடுத்து முடித்துவிடுவது, அது கொலை. அங்கே கிழவரின் விருப்பத்தை யாரும் கேட்பதில்லை. இங்கே உங்கள் விருப்பம்தான் மொத்த விஷயமும். தெற்கத்திச் சனங்களுக்கு இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும், அதனால்தான் இந்தப் பேச்சை எடுத்தாலே அவர்களுக்குச் சந்தேகம் வருகிறது. சந்தேகப்படுவதும் நியாயம்தான். இத்தனை சாட்சி, இத்தனை குழு என்று நீதிமன்றம் வைத்திருப்பதும் அந்தச் சந்தேகத்தை மனதில் வைத்துத்தான்.

சட்டக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மும்பை கேஇஎம் மருத்துவமனைச் செவிலியர் அருணா ஷான்பாக் 1973இல் தாக்கப்பட்டு, 2015இல் இறக்கும் வரை நினைவு திரும்பாமலேயே கிடந்தார். அவர் வழக்கில் 2011இல், உயர் நீதிமன்ற அனுமதியோடு சிகிச்சையை விலக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2018 மார்ச் 9ஆம் தேதி, காமன் காஸ் என்ற பொதுநல அமைப்பு தொடுத்த வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு, கண்ணியமாக இறப்பதும் அரசியல் சாசனத்தின் 21ஆவது பிரிவு தரும் உரிமைக்குள் அடங்கும் என்று தீர்ப்பளித்து, முன்கூட்டியே எழுதி வைக்கும் உரிமையையும் கொடுத்தது. ஆனால் மாஜிஸ்திரேட் மேலொப்பம் போட வேண்டும் என்று ஒரு நிபந்தனை. கும்பகோணம் கோர்ட்டில் நீங்கள் எத்தனை முறை நடந்திருப்பீர்களோ! 2023 ஜனவரி 24ஆம் தேதி அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள்.

இன்றைய நிலவரப்படி செய்ய வேண்டியது அதிகமில்லை. ஆவணத்தில் நீங்கள் கையெழுத்திட வேண்டும், ரெண்டு சாட்சிகள் கூட இருக்க வேண்டும். சொத்தில் பங்குள்ளவர்களை விட்டுவிட்டு, உங்களோடு வேலை பார்த்த டீச்சர், பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி வெளியாட்களாகப் பாருங்கள். பிறகு நோட்டரி அல்லது அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரி முன்னிலையில் சான்றொப்பம். யாருடைய நிர்ப்பந்தமும் இல்லாமல், பின்விளைவைப் புரிந்துகொண்டு எழுதுகிறேன் என்றும், எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்வேன் என்றும் அதில் இருக்க வேண்டும். பத்திரத்தாளில்தான் எழுத வேண்டும் என்று தீர்ப்பில் இல்லை. நோட்டரி பத்திரம் கேட்டால் வாங்கிக் கொடுத்துவிடுங்கள், அவரோடு சட்டம் பேசிக்கொண்டிருக்க வேண்டாம். சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போகத் தேவையில்லை.

ஒரு நகல் உங்கள் மாநகராட்சிக்குப் போக வேண்டும். உள்ளாட்சியில் இதைப் பாதுகாக்கப் பொறுப்பு அதிகாரி இருக்க வேண்டும் என்பது தீர்ப்பு. கவுன்டரில் இருப்பவர் உங்களை ஏற இறங்கப் பார்ப்பார். பரவாயில்லை, ஆணையர் பெயருக்கு ஒரு கடிதம் வைத்து, தபால் பிரிவில் முத்திரை போட்ட ஒப்புகை வாங்கிக்கொண்டு வாருங்கள். மற்ற நகல்கள் மகன், மகள், வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் மூவருக்கும். தமிழில் எழுதி ஆங்கில மொழிபெயர்ப்பையும் இணைத்துவிடுங்கள். இரவுப் பணியில் இருக்கும் ஐசியூ டாக்டருக்குத் தமிழ் படிக்கத் தெரியும் என்று சொல்ல முடியாது. இணையத்திலிருந்து மாதிரிப் படிவம் எடுத்தால் ஒரு எச்சரிக்கை: 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டத்திலும் 'முன்கூட்டிய உத்தரவு' என்று ஒன்று உண்டு. அது மனநோய்ச் சிகிச்சைக்கானது, உங்களுக்கு உதவாது.

ஆஸ்பத்திரியில் மதிப்பார்களா என்று கேட்டிருந்தீர்கள். தாளைக் காட்டியதும் சிகிச்சை நின்றுவிடாது. சிகிச்சை தரும் மருத்துவரும், குறைந்தது ஐந்து வருட அனுபவமுள்ள ரெண்டு துறை நிபுணர்களும் சேர்ந்த முதல் குழு, கூடுமானவரை 48 மணி நேரத்துக்குள் கருத்துச் சொல்ல வேண்டும். அதை ரெண்டாவது குழு சரிபார்க்கும். அதில் மாவட்டத் தலைமை மருத்துவ அலுவலர் நியமிக்கும் ஒருவர் இருக்க வேண்டும். உங்களால் பேச முடியாதபோது உங்களுக்காகப் பேச, ஆவணத்தில் நீங்கள் பெயர் எழுதி நியமித்தவர் சம்மதிக்க வேண்டும். செயல்படுத்தும் முன் மாஜிஸ்திரேட்டுக்குத் தகவல் தர வேண்டும், அனுமதி கேட்க வேண்டியதில்லை. குழு மறுத்தால் உயர் நீதிமன்றம் போகலாம். நடைமுறையில் சிக்குவது அந்த ரெண்டாவது குழுவில்தான். தீர்ப்பில் குறிப்பிட்டிருக்கும் அந்தத் தலைமை மருத்துவ அலுவலர் பதவி நம் மாவட்டங்களில் அந்தப் பெயரிலேயே கிடையாது, மருத்துவப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தை அணுக வேண்டியிருக்கும். கர்நாடகம் 2025 ஜனவரியில் இதற்கென உத்தரவே போட்டது. கோவாவில் 2024 மே மாதம் உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரே முன்வந்து தன் ஆவணத்தைப் பதிவு செய்தார்.

ஆகவே, உங்களுக்கு நெஞ்சுவலி வந்தால் எந்த ஆஸ்பத்திரிக்குப் போவீர்களோ, அங்கே இப்போதே ஒருமுறை போய், "இப்படி ஒரு ஆவணம் இருந்தால் என்ன செய்வீர்கள், குழு வைத்திருக்கிறீர்களா?" என்று கேளுங்கள். விழிப்பார்கள் என்றால் வேறு இடம் பாருங்கள். இன்னொன்று, தீராத நோயில் வீட்டிலேயே இருந்து, எதிர்பார்த்த முடிவு வரும் நேரத்தில் யாராவது பதறி 108ஐ அழைத்துவிட்டால், வருகிறவர்கள் காப்பாற்றத்தான் பார்ப்பார்கள். அது அவர்கள் வேலை. பீரோவில் இருக்கும் தாள் அவர்களைத் தடுக்காது. அப்படி ஒரு காலம் வந்தால், யாரை அழைக்க வேண்டும் என்ற நம்பர் போனில் முதலில் இருக்கட்டும். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வரும் வலிதணிப்புச் சேவை இருக்கிறது, உங்கள் பகுதிச் செவிலியரை விசாரித்து வையுங்கள்.

மகனைப் பற்றிக் கடைசியில் எழுதுவதற்குக் காரணம், இதில் கஷ்டமான பகுதி அதுதான். அவர் கோபத்தில் போனை வைத்ததாக நான் நினைக்கவில்லை. அப்பாவின் கடைசி மூன்று வாரம் அவர் அங்கே, நீங்கள் இங்கே. தூரத்தில் இருக்கும் பிள்ளைகள்தான் "இன்னும் செய்யுங்க, எவ்வளவு செலவானாலும் பரவாயில்லை" என்பார்கள். பக்கத்தில் இருந்து பார்த்த பிள்ளை "போதும்" என்று சொல்லும். ரெண்டும் பாசம்தான். ஐசியூ வாசலில் இந்த ரெண்டு பாசமும் மோதிக்கொள்வதை நான் அடிக்கடி பார்க்கிறேன், அதற்குப் பிறகு அண்ணன் தங்கை பேசிக்கொள்ளாமல் போன குடும்பங்களையும் தெரியும்.

அவரிடம் சட்டத்தை வைத்து வாதாடாதீர்கள். சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: "தம்பி, நீ என்னைச் சாகடிக்கக் கையெழுத்துப் போட வேண்டாம். முடிவை நான் இப்பவே எடுத்துட்டேன். அன்னைக்கு டாக்டர் கேட்டா, 'அம்மா இப்படித்தான் சொன்னாங்க'ன்னு சொன்னா போதும்." அப்பாவுக்காக அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டது நீங்கள்தான் என்று ஊகிக்கிறேன். அந்தப் பாரம் என்ன என்று அவரிடம் சொல்லுங்கள், அதை அவர் தலையில் ஏற்ற விரும்பவில்லை என்றும் சொல்லுங்கள். அவர் வசிக்கும் சிங்கப்பூரில் 1996லேயே இதற்குத் தனிச்சட்டம் வந்துவிட்டது. ரெண்டு சாட்சிகளில் ஒருவர் மருத்துவராக இருக்க வேண்டும் என்பது அங்கத்திய விதி. அங்கே தமக்குத் தெரிந்த டாக்டரிடம் விசாரிக்கச் சொல்லுங்கள். வெளியாள் வாயால் கேட்டால் இறங்கி வருகிற பிள்ளைகள் உண்டு.

நியமனத்தில் ஒருவருக்கு மேல் பெயர் எழுதலாம். மூத்த மகன்தான் என்று கட்டாயமில்லை. பதற்றத்திலும் உங்கள் சொல்லைச் சொல்லக்கூடியவர் யார், ரெண்டு மணி நேரத்துக்குள் போனில் கிடைப்பவர் யார் என்று மட்டும் பாருங்கள். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், முதலில் மகள், அவரைத் தொடர்புகொள்ள முடியாதபோது மகன் என்று வரிசையிட்டு எழுதுவதே என் யோசனை. வரிசை இல்லாமல் ரெண்டு பெயரையும் போட்டால், ரெண்டு பேரும் ஒத்துப்போகாத நாளில் எல்லாமே நின்றுவிடும். மகளை முதலில் வைத்ததை மகனிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், ஆஸ்பத்திரியில் வைத்துத் தெரிந்துகொள்ள வேண்டாம்.

அவர் அடுத்த முறை ஊருக்கு வரும் வரை கையெழுத்தைத் தள்ளிவைக்க வேண்டியதில்லை. இப்போதே முடித்துவிட்டு, அவர் வந்ததும் மூன்று பேரும் உட்கார்ந்து வாசியுங்கள். அவர் சொல்வதில் ஏற்கத்தக்கது இருந்தால் புதிதாக எழுதிச் சான்றொப்பம் வாங்கினால் தீர்ந்தது, கடைசியாக எழுதியதுதான் செல்லும். பழைய நகல்களை மட்டும் எல்லாரிடமும் திரும்ப வாங்கிக் கிழித்துவிடுங்கள், மாநகராட்சிக்கும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். வரைவு தயாரானதும் எனக்கு அனுப்பினால் பார்த்துச் சொல்கிறேன். ஆதார் எண்ணையும் முகவரியையும் மறைத்துவிட்டு அனுப்புங்கள்.